மாடி ஏறாத சொந்தம்

அந்த மருத்துவமனையில் நோயாளியைக் கட்டிலோடு ஏற்றிச் செல்லும் லிஃப்ட் ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டுகிறவரை எல்லோரும் மாடியண்ணன் என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய மனைவிக்கே சில நேரம் யோசித்தால்தான் ஞாபகம் வரும். பழைய லிஃப்ட் அது. பொத்தானை அமுக்கினால் தானாக வந்து நிற்கும் சமர்த்து அதற்குக் கிடையாது. ஒருவர் உள்ளே நின்று கைப்பிடியைத் திருப்பி, தளத்தோடு தளம் பொருந்தும் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். அரை விரல் ஏறி இறங்கி நின்றாலும் சக்கரம் தடுக்கும். படுத்திருப்பவருக்குத் தையல் போட்ட இடத்தில் சுரீரென்று இழுக்கும். மாடியண்ணன் கையில் அது தடுக்கியதில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கட்டில் வெளியே போகும்.

அறுவை அறைக்குப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்து அவர் ஒன்று சொல்வார். "பயப்படாதீங்க. திரும்பி வரும்போதும் நான்தான் நிப்பேன்." பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. ஆனாலும் மருந்தின் மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது அதே மீசை தலைக்கு மேலே தெரிந்தால், உலகம் விட்ட இடத்திலேயே இருக்கிறது என்று மனிதருக்குத் தோன்றத்தான் செய்கிறது.

அப்படிப்பட்டவர் ஒரு மாதமாகச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை.

அவருடைய மனைவிக்கு அதே மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைப் பிரிவில் வேலை. வெளுத்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவாள். மேலே நடப்பதெல்லாம் அழுக்குத் துணி மூட்டையோடு சேர்ந்து கீழே அவள் காதுக்கும் வந்துவிடும். அன்று இஸ்திரி போடுகிறவர், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்துகிற மாதிரி பாவனை செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மாடியண்ணன் லிஃப்டை மூணாவது மாடியில தொறந்து போட்டுட்டு எங்கயோ போயிட்டாராம். கட்டில்ல ஒருத்தரை வச்சுக்கிட்டு நர்சம்மா அல்லாடியிருக்காங்க. பழைய கூட்டாளி திரும்ப வந்துட்டானோ என்னமோ."

"உங்க பெட்டி துணியைச் சுட்டா போதும்ண்ணே. ஆளைச் சுட வேண்டாம்" என்றாள் அவள்.

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. கை மட்டும் மடித்த விரிப்பையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தது.

பழைய கூட்டாளி யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாடியண்ணன் அந்தக் காலத்தில் உயரக் கட்டடங்களுக்குச் சாயம் அடிக்கிறவர். ஒரு நாள் சாரம் முறிந்து விழுந்தார். வயிற்றுக்குள் குடல் கிழிந்து, வெட்டி ஒட்டி உயிரைக் காப்பாற்றினார்கள். வலிக்கு அபின் வகை மாத்திரை கொடுத்தார்கள். அந்த வலிக்கு அது தேவையாகத்தான் இருந்தது. ஆனால் வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகி, வீட்டுக்குள் இருந்த மனிதர் இருந்தும் இல்லாதவராக ஆனார். அவள் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை. கடைசியில் அவரே ஒரு காலையில் எழுந்து, "என்னை எங்கயாவது கொண்டு போய் விடு" என்று கேட்டார். மீட்பு இல்லத்தில் விட்டுவிட்டு வந்தாள். எலும்பும் தோலுமாக, ஆனால் கண் தெளிந்து திரும்பி வந்து, இந்த லிஃப்ட் வேலையில் சேர்ந்தார். அதற்குப் பிறகு தலைவலிக்குக்கூட யோசித்துத்தான் மாத்திரை போடுவார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வாசலில் ஒரு நொடி நின்று, "சாமி, கூடவே வா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவார். கடவுள் கூடப் போனாரா என்று கேட்டால், நாலு வருடம் அவர் வழி தவறாமல் வீடு வந்து சேர்ந்ததே அவளுக்குப் போதுமான பதில்.

இந்த வருடம் பழைய தையல் உள்ளே ஒட்டிக்கொண்டு மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. இன்னும் கொஞ்சம் குடலை வெட்டி எடுத்தார்கள். அப்போதும் அபின் வகை வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு, மற்ற மருந்துகளோடு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் வெளியே வந்து அழுதுவிட்டுப் போனார்.

உடம்பு தேறி லிஃப்டுக்குத் திரும்பிய பிறகுதான் இந்தக் காணாமல் போவது தொடங்கியது. வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருந்தார். வயிறு சரியில்லை என்பார், அதற்கு மேல் பேச்சு வராது. தட்டில் போட்டதை ஓரமாக ஒதுக்கினார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. எல்லாம் அந்தப் பழைய நாட்களைப் போலவே இருந்தது. சூடு கண்ட பூனையின் மனம் அவளுக்கு. மூடிய கதவுக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள்.

இஸ்திரிக்காரர் பேசிய அன்று மாலை, துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையில் கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்த மாத்திரை அட்டை ஒன்று அவளுக்குக் கிடைத்தது.

அப்படியே உட்கார்ந்தாள். பிறகுதான் அட்டையைப் பார்த்தாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. மறைத்தும் வைத்து, தொடாமலும் வைப்பானேன்? அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக மருத்துவமனை மருந்தகத்தின் சன்னலுக்குப் போனாள்.

மருந்தகத்தில் இருப்பவர் பருத்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்ட அம்மா. எல்லோருக்கும் மருந்தக்கா. அட்டையைக் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்படி நடுங்கறே? இது பேதியை நிறுத்துற மாத்திரை. குடல் குட்டையாயிட்டதால தின்னது தங்காம ஓடுது, அதுக்கு டாக்டர் எழுதினது. நானேதான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் சாப்பிடலையா இன்னும்?"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அவர் லிஃப்டை விட்டுவிட்டு ஓடியது கழிப்பறைக்கு. பாவி மனுஷன், சொன்னால் என்ன குறைந்து போவார்?

வீட்டுக்குப் போனதும் அட்டையை அவர் முன்னால் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதிலும் ஒரு கேள்வி உண்டு. நாலு வருடத்துக்கு முன்பு அந்தக் கேள்வியைத்தான் அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சதில்ல. பிரிக்கவும் மாட்டேன்" என்றார்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்த அன்றே, பரீட்சைக்குப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் இரண்டு பேர் லிஃப்டில் ஏறினார்களாம். ஒருவன் கேள்வி கேட்க, மற்றவன் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். பேதிக்குக் கொடுக்கிற இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, இது எந்தக் குடும்பம் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அபின் குடும்பம் என்று மற்றவன் பளிச்சென்று சொல்லியிருக்கிறான். மாடியண்ணனுக்குக் கைப்பிடி வழுக்கியது. அன்று ஒருநாள்தான் லிஃப்ட் தளத்துக்கு நாலு விரல் மேலே போய் நின்றதாம்.

"அந்தக் குடும்பத்து வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு கடவுள் மேல ஆணையா சொல்லிட்டு வந்தவன் நான். பேரை மாத்தி வச்சுக்கிட்டு வந்தா மட்டும் உள்ள விட்டுடுவேனா?"

"டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"எதுக்குக் கேக்கணும்? டாக்டரே மொதல்ல சொன்னது, கொஞ்ச நாள் வயித்தைக் கட்டணும்னுதான். மாத்திரை அப்புறம். அதான் மாத்திரை இல்லாமலே கட்டிக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பாதியிலேயே கண் நிறைந்துவிட்டது.

"ஐயோ, நீங்க ஒண்ணு. வாயைக் கட்டி வயித்தைக் கட்டின்னு சொல்றோமே, அந்தக் கட்டுன்னா நினைச்சீங்க? ஓடுற வயித்தை நிறுத்தணும்னு சொல்லியிருக்காரு. ஒரு மாசமா பட்டினியா கிடந்தீங்க?"

 "ஓ" என்றார் அவர். சாப்பிடாவிட்டாலும் காலி வயிறும் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் மாத்திரைக்கு மட்டும் தலை அசையவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்: இன்னொரு முறை லிஃப்ட் ஆளில்லாமல் நின்றால் அன்றோடு வேறு ஆள். அதையும் அப்போதுதான் சொன்னார். வேலை போனாலும் போகட்டும், இது மட்டும் முடியாது என்றார்.

 அவள் தன் மனத்தில் ஒரு மாதமாக இருந்ததை மட்டும் சொன்னாள். "நான்கூட சந்தேகப்பட்டேங்க. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன்."

"தெரியும். கால் நிழல் தெரிஞ்சது" என்றார் அவர். "நல்லதுதான். எனக்காகப் பயப்பட ஒரு ஆள் வெளிய நிக்குதுன்னு நினைச்சா உள்ள இருக்கிறவனுக்கு ஒரு தெம்பு."

இப்படிப்பட்ட மனிதரோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

மறுநாள் அவள் மருந்தக்காவிடம் போய் ஒரு வேண்டுதல் வைத்தாள். அவர் வந்து கேட்டால், அந்தப் பையன்கள் உளறியிருக்கிறார்கள், இதற்கும் அபினுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நல்லதற்குச் சொல்கிற பொய்யில் பாவம் இல்லை என்று அவளே நியாயமும் சொன்னாள்.

மருந்தக்கா அவளைக் காத்திருக்கச் சொன்னார். சன்னலில் நின்ற இன்னொருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார்.

"தங்கச்சி, அவர் எதை வச்சு இத்தனை வருஷம் நிக்கிறாரு? தனக்குத் தானே பொய் சொல்லிக்காம இருக்கிறதை வச்சு. அந்தத் தூணை நான் உருவிட்டு, அப்புறம் வயித்தை மட்டும் நிறுத்தி என்ன பிரயோசனம்? நான் வந்து பேசுறேன். உள்ளதை உள்ளபடி பேசுறேன்."

சாப்பாட்டு நேரத்தில் சன்னலைச் சாத்திவிட்டு மருந்தக்கா லிஃப்டுக்கு வந்தார். அவளும் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே ஏறிக்கொண்டாள். மாடியண்ணன் கதவை இழுத்துச் சாத்தினார். எந்த மாடி என்று கேட்டார்.

"எந்த மாடியும் வேண்டாம். இங்கயே நிக்கட்டும்" என்றார் மருந்தக்கா. "அண்ணே, அந்தப் பசங்க சொன்னது சரிதான். அது அபின் குடும்பம்தான்."

அவள் வண்டியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா பிள்ளைன்னு வச்சுக்குங்க. சொந்தம் இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா ஒரே வீட்டுல பொறந்தவங்க எல்லாம் ஒரே குணமா இருக்காங்களா? அந்தப் பெரியவன் உள்ள வந்தா நேரா மேல் மாடிக்குப் போவான். அங்க எஜமான் நாற்காலியில உக்காந்துக்கிட்டு வீட்டையே ஆட்டி வைப்பான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இவன் கீழ்த்தளத்துல வேலை பாக்குறவன். குடல் தறிகெட்டு ஓடுதில்லையா, அதைக் கையைப் புடிச்சு நடக்க வைப்பான். அவ்வளவுதான் அவன் உத்தியோகம்."

"மேல ஏற மாட்டானா?"

"ஏறப் பார்ப்பான். மூளைக்குப் போற வாசல்ல ஒரு காவல்காரர் இருக்காரு. உனக்கு இங்க வேலை இல்லை, போன்னு திருப்பி அனுப்பிடுவாரு. மாடி ஏறாத சொந்தக்காரன்ணே இவன்."

மாடியண்ணன் கைப்பிடியைத் துடைக்கிற துணியை எடுத்து மடித்தார். பிரித்தார். நாள் முழுவதையும் ஏற்றுவதிலும் இறக்குவதிலும் கழிக்கிறவருக்கு இந்தப் பாஷை புரியாமல் இருக்குமா? புரிந்ததால்தான் அடுத்த கேள்வி வந்தது.

"ஒருத்தனை அவர் திருப்பி அனுப்பிடுவாரு. கூட்டமா வந்து தள்ளுனா?"

மருந்தக்காவின் முகம் மாறியது. நோயாளிகள் இந்த மாத்திரையைப் பற்றி அவரிடம் என்னென்னவோ கேட்டதுண்டு. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, பாலோடு போடலாமா. வாசல் எங்கே உடையும் என்று யாரும் கேட்டதில்லை. தன் பலவீனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்து, அந்தப் பக்கமே காவல் நிற்கிறவர்தான் அதைக் கேட்க முடியும்.

"தாங்க மாட்டாருண்ணே" என்றார் மெதுவாக. "அப்படிக் கைப்பிடி கைப்பிடியா முழுங்கினவங்க உண்டு. மயக்கத்துக்கு ஆசைப்பட்டு முழுங்கினாங்க, இதயம் தாளம் தப்பி நின்னு போச்சு. அதுக்குத்தான் அளவு. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல ஒண்ணுகூடக் கூடாது. வேற சில மருந்து கூடச் சேர்ந்தா காவல்காரர் கையைக் கட்டிப் போட்டுடும். அதனால எது புதுசா வாங்கினாலும் என்கிட்ட காட்டணும். காய்ச்சல் வந்தாலோ, ரத்தமாப் போனாலோ இதைத் தொடாம டாக்டர்கிட்ட ஓடி வரணும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

 அவள் மனத்துக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்லச் சொல்லி மருந்தக்காவிடம் கெஞ்சியது எவ்வளவு சின்னத்தனம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இனி அவர் முடியாது என்று சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்றும் தோன்றியது.

"கூட்டமா வந்தா தாங்குவாருன்னு நீங்க சொல்லியிருந்தா, இந்தக் கதவைத் திறந்து உங்களை அனுப்பி வச்சிருப்பேன் அக்கா" என்றார் மாடியண்ணன். "அளவு தெரிஞ்ச சொந்தக்காரன்னா வீட்டுக்குள்ள விடலாம். ஆனா சாவி என்கிட்ட வேண்டாம். அட்டை உங்க சன்னல்லயே இருக்கட்டும். தினம் வந்து அன்னைக்கு உள்ளதை மட்டும் வாங்கிக்கிறேன். லீவு நாளுக்கு இவ கையில கொடுங்க."

"எனக்கென்ன சிரமம். ஒரு டப்பா வைக்க இடம் இல்லாமலா போச்சு" என்றார் மருந்தக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்றார்.

உடனே மாத்திரையைப் போட்டுக்கொள்வார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ லிஃப்டைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு, முதலில் மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்றார். மேற்பார்வையாளர் கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. கட்டிலில் கிடப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர். அவர் முன்னால் போய் நின்று மாடியண்ணன் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சார், நான் லிஃப்டை விட்டுட்டுப் போனது வயிறு ஓடினதால. அதுக்கு இந்த மாத்திரையைச் சாப்பிடப் போறேன். இது அபின் குடும்பத்து மாத்திரை. மயக்கம் தராது, ஆனா குடும்பம் அதுதான். என் பழைய கதை உங்களுக்குத் தெரியும். நாளைக்கு யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்."

 ஊரெல்லாம் பேசியது மேற்பார்வையாளர் காதுக்கும் போயிருந்தது. அதில் பாதியை அவர் நம்பியும் இருந்தார். நம்பியவருக்கு இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மருந்து பிடிக்க எவ்வளவு நாளாகும் என்று மட்டும் கேட்டார். டாக்டர் அளவைப் பார்த்துச் சரி செய்யக் கொஞ்ச நாள் ஆகலாம், ஆரம்பத்தில் தலை சுற்றினால் கைப்பிடியைத் தொட மாட்டேன், அந்த நிமிடமே வந்து சொல்வேன் என்றார் மாடியண்ணன். அதுவரை நடுவில் போக வேண்டியிருந்தால் யாரையாவது கதவோடு நிறுத்திவிட்டுப் போகலாம், ஆளில்லாமல் மட்டும் நிற்கக் கூடாது என்றார் மேற்பார்வையாளர். கிளம்பும்போது, "உட்கார்ந்து பேசியிருக்கலாமே, நிக்க வச்சுட்டேன்" என்றார்.

கதவோடு நிற்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சலவைப் பிரிவில் அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் இஸ்திரிக்காரர் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"நான் நிக்கிறேன். எனக்கும் ரொம்ப நாளா மேல போய் காத்து வாங்கணும்னு ஆசை" என்றார். நேராக மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் உலகத்தில் நிறைய. அவர்களில் சிலருக்கு உதவி செய்யத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கடவுள் பெரிய மனதோடுதான் பார்ப்பார்.

அன்று மாலை மாடியண்ணன் மனைவியோடு உட்கார்ந்து ஒரு முழுத் தட்டுச் சாப்பிட்டார். ஒரே மாத்திரையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் இரண்டு நாள் இஸ்திரிக்காரர் அடிக்கடி படியேறி வர வேண்டியிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, காத்திருப்பவர்களிடம் ஓட்டுநர் ஓய்வில் இருக்கிறார் என்று விமானம் ஓட்டுகிறவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டினார். படியேறி வருவது குறைந்தது. மாடியண்ணன் காலையில் மருந்தகத்துச் சன்னலில் நின்று, வரிசையில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, உள்ளங்கையில் வாங்கிய மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவார். மறைத்துச் செய்கிற எதுவும் அந்த வீட்டில் இனி இல்லை.

ஒரு நாள் அறுவை அறையில் காலையிலிருந்து ஓயாத வேலை. கட்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. பிற்பகலில் அவள் விரிப்பு வண்டியோடு ஏறியபோது உள்ளே மேற்பார்வையாளர் நின்றிருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்த மாடியண்ணனைப் பார்த்து, காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாரே, யாரையாவது கூப்பிட்டுவிட்டு ஒரு நடை போய்வரட்டுமே என்றார்.

"இப்ப வேண்டாம் சார். நாலாவது மாடியில ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தர் இறங்கறதுக்குக் காத்துக்கிட்டிருக்காரு" என்று சொல்லி, மாடியண்ணன் கைப்பிடியைத் திருப்பினார்.